ஒண்ணுபோல ஓடணும்

அவர் யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, ஏரலில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சட்னி ஒட்டியிருக்கிறது போல என்று துப்பட்டாவால் துடைத்துத் துடைத்து உதடு எரிந்ததுதான் மிச்சம். மத்தியானம்தான் விஷயம் புரிந்தது. வீடியோவில் வாயசைவும் சத்தமும் ஒட்டுகிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து, எதிரே நிற்கிற மனுஷருக்கும் அதே சோதனையை வைக்கிற பழக்கம் வந்துவிட்டிருந்தது. மீன் வாங்கப் போன இடத்தில் இந்தப் பார்வைக்காக ஒரு பெண்ணிடம் அவர் ஏச்சு வாங்கிய கதையை அவர் மனைவியே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

தூத்துக்குடியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் ஒரு மாடி ஸ்டுடியோ அது. நான் கல்யாண ஆல்பம் வடிவமைப்பேன். அவர் வீடியோ எடிட்டர். பேரைச் சொல்லப்போவதில்லை. வீடியோவின் கடைசியில் தன் பேர் வருவதையே அவர் விரும்பியதில்லை. ஓடுகிற படத்தை நிறுத்திவைத்து என் பேரை எதற்குப் போட வேண்டும் என்பார்.

ஒல்லியான ஆள். சட்டையின் மேல் பொத்தான்வரை போட்டிருப்பார். மாடிப்படி ஏறுகிற சத்தத்தை வைத்தே அவர்தான் என்று சொல்லிவிடலாம். முதல் படிக்கு என்ன வேகமோ கடைசிப் படிக்கும் அதேதான். மழை கொட்டும்போது ரோட்டில் எல்லாரும் ஓடுவார்கள், அவர் அதே நடையில் நனைந்துகொண்டு வருவார். வடையைப் பிய்த்தால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். நான் பேசும்போது ஒரு சொல்லைத் தேடி நின்றுவிட்டால் அவர் விரல் மேஜையைத் தட்டும். கோபம் இல்லை அது. இடைவெளி என்ற ஒன்றை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் கேமராக்களோடு அவருக்குத் தகராறு இல்லை. தகராறெல்லாம் மொபைல் போனோடுதான். கடற்கரை வீடுகளில் யாராவது ஒருத்தர் எப்போதும் தண்ணீர்மேல் இருப்பார், கப்பலிலோ தோணியிலோ. கல்யாணத்துக்கு வர முடியாதவர்கள் தங்கள் வாழ்த்தைப் போனில் எடுத்து அனுப்புவார்கள். அதை வரவேற்பு அன்று பெரிய திரையில் ஓட்டுவது இங்கே ஒரு வழக்கமாகிவிட்டது. மேடையில் மணமக்கள் நிற்க, திரையில் தாய்மாமன் கப்பலிலிருந்து பேசுவார், கீழே பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். அந்த வீடியோக்களெல்லாம் அவர் மேஜைக்குத்தான் வரும்.

கேமரா விநாடிக்கு இத்தனை படம் என்று கணக்காக எடுக்கும். போனுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. வெளிச்சம் இருந்தால் மடமடவென்று எடுக்கும், இருட்டினால் மெதுவாக எடுக்கும், சூடேறினால் இன்னும் மெதுவாக. வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்று இதற்குப் பேர். போனிலேயே பார்க்கும்வரை ஒரு குறையும் தெரியாது. எடிட் பண்ணக் கம்ப்யூட்டரில் போட்டதும் சாயம் வெளுத்துவிடும். அது எல்லாப் படத்தையும் ஒரே இடைவெளியில் அடுக்கப் பார்க்கும். போன் குறைவாக எடுத்த இடத்தில் படம் சீக்கிரம் தீர்ந்துபோகும், சத்தம் அதுபாட்டுக்குப் பின்னால் வரும். ஆரம்பத்தில் ஒட்டியிருந்த வாயும் குரலும் போகப்போகப் பிரிந்து, தாய்மாமன் வாயை மூடிக்கொண்ட பிறகு “நூறாண்டு வாழணும்” என்று சத்தம் வரும்.

தெரியாதவர்கள் சத்தத்தை இங்கே கொஞ்சம் வெட்டி, அங்கே கொஞ்சம் இழுத்து ஒப்பேற்றப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் ஒட்டினால் இன்னோரிடத்தில் விலகும். அவர் அந்தச் சோலிக்கே போக மாட்டார். வெட்டுவதற்கு முன்னாலேயே முழு வீடியோவையும் ஒரே வேகத்துக்கு மாற்றி ரீ-என்கோட் செய்துவிடுவார். படம் குறைகிற இடத்தில் முந்தின படத்தையே மறுபடி வைத்து நிரப்பி, எல்லா விநாடியையும் ஒரே அளவாக்கிவிடும் அந்த மாற்றம். அது ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அவசரமான நாட்களில் எரிச்சலாக வரும்.

“ஒண்ணுபோல ஓடுனாத்தான் ஒட்டும்ளா” என்பார். அவர் வேதம் அது ஒன்றுதான்.

கோயிலிலும் அதே வேதத்தைத்தான் ஓதினார். பங்கு மாதா கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தார். எனக்கு அந்தக் கோயில் வழக்கமெல்லாம் தெரியாது, நான் ஆற்றங்கரை வயல்காட்டு ஊர்க்காரி. திருவிழாச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டுக்குப் போனபோது பாட்டையும் கேட்டேன். இளையவர்கள் அவர் தாளத்துக்குள் நின்றுகொண்டார்கள். முன்வரிசைக் கிழவிகள் நிற்கவில்லை. மாதா பேர் வருகிற இடத்திலெல்லாம் ஒரு மூச்சு நின்று, உருகி, பிறகுதான் அடுத்த சொல்லுக்கு வந்தார்கள். இவர் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார். இவர் பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்க, அவர்கள் கடைசி அடியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். நம்ம ஆள் மோட்சத்துக்குப் போய் இடம் பிடித்த பிறகுதான் இந்த அம்மாமார் கிளம்புவார்கள் என்று சாமியாரே கேலி செய்தார். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே வலித்தது என்று நினைக்கிறேன்.

அதே கோயிலில்தான் அவருக்கு ஒரு பெரிய அவமானமும் நடந்தது. வெளிநாட்டில் இருந்த பழைய பங்குச்சாமியார் திருவிழாவுக்குப் போனில் வாழ்த்து அனுப்பியிருந்தார். இவர் முறைப்படி மாற்றித் தயாராக வைத்திருந்தார். எங்கள் முதலாளி அவசரத்தில் அதை விட்டுவிட்டு, போனில் வந்ததையே முன்னும் பின்னும் வெட்டி ஒட்டிக் கொண்டுபோய்த் திரையில் ஓட்டிவிட்டார். சாமியார் வாயை மூடிக் கும்பிட்டு நின்ற பிறகு ஆசீர்வாதம் வந்தது. முழு ஊரும் சிரித்தது. கீபோர்டுக்குப் பின்னால் இவர் குனிந்த தலை நிமிரவே இல்லை.

அன்றிலிருந்து ஒரு சட்டம் வந்தது. ஒரே வேகத்துக்கு மாற்றி, ஒட்டுகிறதா என்று பார்த்தவுடன், போனில் வந்த மூலத்தை அழித்துவிட வேண்டும். வேலையை ஒப்படைத்ததும் மாற்றியதையும் அழித்துவிட வேண்டும். கடைசியில் கையில் இருப்பது கொடுத்த படம் ஒன்றுதான். எனக்கு அது சரியாகப் படவில்லை. நெல்லை அளந்து போட்ட பிறகும் விதைக்கென்று ஒரு கோட்டை நெல் எடுத்து வைக்கிற வீட்டில் பிறந்தவள் நான். கேட்டுப் பார்த்தேன்.

“ரெண்டு இருந்தா எது நெசம்னு கொழம்பும்ளா. ஒண்ணு இருந்தா அதுதான் நெசம்” என்றார்.

இந்த மனுஷர் கெட்டவர் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அவர் கையில் மற்றவர்கள் அழகானார்கள். வாழ்த்துச் சொல்கிறவர் இருமினால் இருமலை எடுத்துவிடுவார். ஒரு ஹெட்மாஸ்டர் ‘அதாவது’ போடாமல் ஒரு வாக்கியம் பேச மாட்டார். இவர் அத்தனை ‘அதாவது’வையும் களை பிடுங்குகிற மாதிரி பிடுங்கிப்போட்டார். திரையில் தன்னைப் பார்த்த ஹெட்மாஸ்டர், நான் இவ்வளவு நன்றாகப் பேசுவேனா என்று அசந்துபோய், பையனின் புதுமனைப் புகுவிழாவுக்கும் எங்களிடமே வந்தார். என் பெரியப்பா வாழ்த்தின் நடுவே விட்ட ஏப்பத்தையும் இவர்தான் காப்பாற்றினார். யாரும் கேட்டுச் செய்ததில்லை. அடுத்தவர் நாலு பேர் முன்னால் தடுமாறுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தருவைகுளத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். கருவாட்டு வியாபாரம். மகளுக்குக் கல்யாணம், மகன் சரக்குத் தோணியில் மாலத்தீவுக்குப் போயிருந்தான். காய்கறியும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணி அங்கே எந்திரம் கெட்டுக் கிடக்க, தங்கச்சி கல்யாணத்துக்கு வந்துசேர முடியவில்லை. தோணித் தட்டிலேயே நின்று வாழ்த்தைப் போனில் எடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தான். அந்தம்மா வேறொரு கடையில் அதற்குப் பூச்சட்டம் போட்டு வாங்கி, அது வாயும் சத்தமும் ஒட்டாமல் போனதால் எங்களிடம் வந்திருந்தார். வாயசைவை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது.

அந்தம்மாவின் போனிலிருந்த மூலத்தை நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம். பொழுது சாய்கிற நேரம், பின்னால் ஒரு விளக்கு. வெளிச்சம் போதாமல் போன் திணறித் திணறி எடுத்திருந்தது. அந்தப் பையனும் திணறினான். அவனுக்குத் திக்குவாய். முதல் சொல்லே ‘எம்மா’. அந்த ‘ம்’மில் போய் மாட்டிக்கொண்டான். கண்ணை இறுக்கி மூடி, தாடையோடு நாடியை மேலே தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க முட்டி முட்டி, ஒருவழியாக அந்தச் சொல் வெளியே விழுந்ததும் கண்ணைத் திறந்து சிரித்தான். பிறகு அடுத்த சொல்லுக்குக் கண்ணை மூடினான். வாழ்த்து முழுக்க இப்படித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இவர் விரல் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

ஒரே வேகத்துக்கு மாற்றினார். வாய் ஒட்டியது. கேட்ட வேலை அதோடு முடிந்தது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. திக்கலை ஒவ்வொன்றாக வெட்ட ஆரம்பித்தார். வெட்டிய இடம் துள்ளித் தெரியாமலிருக்க ஒரு படத்தை இன்னொன்றில் கரைத்தார். எதற்கு அண்ணாச்சி இந்த வேலை, அந்தம்மா கேட்கவில்லையே என்றேன்.

“மாப்பிள்ள வீட்டுக்காரங்க டவுன் ஆளுவ. சபையில அந்தப் பயலப் பாத்து நாலு பேரு சிரிக்கக் கூடாதுளா” என்றார்.

சாயங்காலம் அந்தம்மா பார்த்தார். மகன் கண்ணைத் திறந்தபடி, தங்குதடையில்லாமல் பேசினான். முழு வாழ்த்தும் பாதியாகச் சுருங்கியிருந்தது. “நல்லாருக்கு தம்பி. யாரோ படிச்ச பிள்ள பேசுத மாரி இருக்கு” என்றார். இவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷம். எனக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணத்தில் கைதட்டல். யாரும் சிரிக்கவில்லை. மகனுக்கும் அனுப்பிவைத்தார்கள், அவன் அதைத் தோணிக்காரர்கள் எல்லாருக்கும் போட்டுக் காட்டினானாம். இதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பையனுக்கு அது பிடித்திருந்தது. இவர் செய்ததை வெறும் தப்பு என்று என்னால் தள்ள முடியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கு அடுத்த பயணத்தில் அந்தத் தோணி காற்றில் மாட்டியது. மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டார்கள். அவன் கிடைக்கவில்லை. அவன் போனும் அவனோடு போனது.

சில மாதம் கழித்து அந்தம்மா மாடியேறி வந்தார். மெலிந்துபோயிருந்தார். அவர் போன் நிறைந்துபோய் நின்றுவிட, சரிசெய்யக் கொடுத்த கடையில் எல்லாவற்றையும் துடைத்துக் கொடுத்துவிட்டார்களாம். பூச்சட்டம் போட்ட கடையிலும் எதுவும் மிஞ்சவில்லையாம். கல்யாணத்தில் ஓட்டிய வீடியோ மகளிடம் இருக்கிறது, அது வேண்டாம், முதலில் தான் கொண்டுவந்ததுதான் வேண்டும் என்றார். இரண்டும் ஒன்றுதான் அம்மா என்றார் இவர்.

“ஒண்ணு இல்ல தம்பி. இதுல அவன் திக்கவே இல்லியே” என்றார் அந்தம்மா. குரலில் கோபமே இல்லை. “எம்மான்னு கூப்பிடதுக்கு எம்புள்ள எவ்வளவு பாடுபடுவான் தெரியுமா? கண்ண இறுக்கி மூடிட்டு, நாடியத் தூக்கிட்டு… அந்த மொகந்தான் எனக்கு வேணும். இதுல இருக்கது எவனோ.”

ஏசியிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தம்மா கேட்டுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், இருக்கிறதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்கிற நம்பிக்கையோடு. அழித்துவிட்டோம் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. தேடி வைக்கிறேன் அம்மா, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

அழித்த ஃபைலை மீட்கிற மென்பொருள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். யார் யாருடைய கல்யாணமோ, யாருடைய ஞானஸ்நானமோ பாதிப் பாதியாக எழுந்து வந்தன. இந்தப் பையன் வரவில்லை. அந்த நாட்களில் மத்தியானம் அவர் வடையைக் கோணல்மாணலாகப் பிய்ப்பதைப் பார்த்தேன். ஒரு துண்டு பெரிதாகவும் ஒன்று பொடியாகவும் கிடந்தது. சவம் பிடித்த சட்டம் என்று தன்னையே ஏசிக்கொண்டார்.

கடைசியில் சத்தம் கிடைத்தது. எடிட் பண்ணுகிற மென்பொருள், உள்ளே போடுகிற வீடியோவின் சத்தத்தைத் தன் வசதிக்காக ஒரு நகல் எடுத்துக் கம்ப்யூட்டரின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும். அந்த மூலையைத் துடைக்க அவர் சட்டத்தில் இடமில்லாமல் போயிருந்தது. வெட்டுவதற்கு முந்தின முழுக் குரல், ஒரு திக்கல் குறையாமல், அங்கே இருந்தது. அதைப் போட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

ஆனால் முகம் இல்லை. வெட்டிய படத்தைக் குரலோடு சேர்த்து வைத்தால், திக்குகிற இடத்திலெல்லாம் படம் பள்ளமாக இருந்தது. குறைகிற இடத்தில் முந்தின படத்தையே வைத்து நிரப்புகிற அந்தப் பழைய வித்தையைக் கையால் செய்தார். பையன் பேசிக்கொண்டே வருவான், திக்கல் வருகிற இடத்தில் முகம் அப்படியே உறைந்து நிற்கும், குரல் மட்டும் முட்டிக்கொண்டிருக்கும். சொல் விழுந்ததும் முகம் திடுக்கென்று மறுபடி அசையும். கண்ணை மூடுகிற படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தனை சுத்தமாக வெட்டியிருந்தார்.

“ஒட்டலளா” என்றார்.

அப்புறம் அவருக்கு என்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷத் திருவிழாவுக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு மனைவியின் ஊரான பெரியதாழைக்குப் போய்விட்டார். கண் சரியில்லை என்று காரணம் சொன்னார். போகிறதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் வாசித்ததை நான் போய்க் கேட்டேன். கீபோர்டில் தாளத்தை நிறுத்தியிருந்தார். கிழவிகள் நின்ற இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். பாட்டு நன்றாக இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அவர் காத்திருந்ததைப் பார்க்க மனசு கஷ்டப்பட்டது. இப்போது அவர் நாற்காலியில் நான் உட்காருகிறேன். போன் வீடியோவை நானும் முதலில் ஒரே வேகத்துக்குத்தான் மாற்றுகிறேன், அதில் அவர் சொன்னது சரிதான். மூலத்தை அழிப்பதில்லை. இதை அவரிடம் போனில் சொல்லலாம் என்று எடுத்துவிட்டு எத்தனையோ தடவை வைத்திருக்கிறேன். சொன்னால் அது குத்திக்காட்டுவது மாதிரி ஆகிவிடும்.

அந்தம்மா மறுபடி வந்த நாளில், இவர் அந்த வீடியோவைக் காட்டவே தயங்கினார். பள்ளமும் மேடுமாக ஒன்றை அவர் கையிலிருந்து யாருக்கும் கொடுத்ததில்லை. குரல் மட்டும்தான் மிஞ்சியது, முகத்தை நான்தான் அழித்துவிட்டேன் என்று நேராகச் சொன்னார். அந்தம்மாவுக்குப் புரிந்ததா தெரியவில்லை. போடுங்கள் என்றார்.

பையன் திரையில் வந்தான். வாயைத் திறந்தான். முகம் நின்றுவிட்டது. குரல் அந்த ‘ம்’மில் முட்டியது, முட்டியது, முட்டியது.

நான் தற்செயலாகத் திரும்பினேன். அந்தம்மா திரையைப் பார்க்கவில்லை. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். நாடி மேலே எழும்பியிருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சொல் வெளியே விழுந்ததும் கண்ணைத் திறந்து சிரித்தார். அடுத்த திக்கல் வந்தது, மறுபடி மூடினார். பிள்ளை பேசத் தொடங்கின காலத்திலிருந்து அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே நின்று இப்படித்தான் கூடவே முட்டியிருப்பார் போலிருக்கிறது. நாங்கள் ஹார்ட் டிஸ்க் முழுக்கத் தேடியும் கிடைக்காத அந்த முகம் அவரிடம் வந்து வந்து போனது. குரலும் முகமும் ஒரு இழைகூட விலகவில்லை.

முடிந்ததும், “இன்னொரு தடவ ஓட்டுங்க தம்பி” என்றார்.

அவர் ஓட்டினார். திரையில் வாய் ஒட்டுகிறதா என்று இந்தத் தடவை பார்க்கவில்லை. அந்தம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஜைமேல் இருந்த அவர் விரல், மகன் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் இருந்தது.